ஐயா என்று தொடங்கும் கடிதங்கள்

கிளாஸ்கோவிலிருந்து வருகிற கடிதம் எல்லாமே
'மதிப்பிற்குரிய ஐயா' என்றுதான் தொடங்கும்.
நான் தமிழில் படித்துச் சொல்வேன்.
மூங்கில் தட்டிக்கு அப்பால்
பாத்துமுத்து நாச்சியார்
கொப்பரைத் துண்டொன்றை உடைத்து முகர்ந்தபடி
"ஐயா சொகமா இருக்காராமா?" என்பார்.
அதற்குமேல் சிரிக்க நேரமிருக்காது.
ஆற்றில் தொங்காங்குகள் வரிசைகட்டி நிற்கும்.
ஈரக் கொப்பரையைக் காய்ந்ததென்று விற்க வந்தவன்
சுங்கை பினாங்குப் பக்கம்
இரண்டாம் தடவை வந்ததில்லை.

மரைக்காயர் மௌத்தானபோது விட்டுப்போனது
நான்கு செக்கு, கிழட்டு மாடுகள்,
செட்டியார் கிட்டங்கியில் கடன்,
வாசலில் அவர் பெயர் எழுதிய பலகை.
பலகையில் மட்டும் கைவைக்கவில்லை நாச்சியார்.
மாடுகளை விற்றார்.
காதை வளைத்துக் கிடந்த அலுக்கத்து அத்தனையும் விற்றார்.
பன்னிரண்டு குதிரை வலுவுள்ள இயந்திரம்
கப்பலில் வந்து இறங்கிற்று.
பொருத்த வந்த வெள்ளைக்காரன்
முதலாளி என்று நினைத்து
என் கையைப் பிடித்துக் குலுக்கினான்.
நான் கிராணி என்று சொல்லியிருக்கலாம்.
சொல்லவில்லை.
அன்று புதுச் சட்டை போட்டிருந்தேன்.

அவர் கணக்கு அரபுத்தமிழில் இருக்கும், எனக்குத் தெரியாது.
என் ஆங்கிலம் அவருக்குத் தெரியாது.
நடுவில் பத்தொன்பது வருஷம்
ஆலை ஓடிற்று.

நல்லவர் என்று எழுத மாட்டேன்.
சங்கு ஊதிய பிறகு வந்தவனுக்கு
அரைநாள் கூலி பிடிப்பார்.
காய்ச்சல் என்றால் கஞ்சி அனுப்புவார்,
கூலி அனுப்ப மாட்டார்.

அந்த ரமலானில்
அடுப்பெரிக்கிற இருளாண்டி வந்து நின்றான்.
"தகடு வேர்க்குதும்மா."
எண்ணெய் விலை ஏறி நின்ற மாதம்.
"பெருநா கழியட்டும்" என்றார்.
அந்தக் குறிப்பையும் நான்தான் எழுதிவைத்தேன்,
தேதியோடு.

பெருநாளுக்கு நான்கு நாள் முன்
கொதிகலன் வெடித்தது.
கூரைத் தகரம் ஆற்றைத் தாண்டி விழுந்தது.
இருளாண்டி. அவனோடு
எண்ணெய்ப் பீப்பாய் அடைக்க வந்த லிம் ஆ செங்,
வேலைக்குச் சேர்ந்து ஒன்பதாம் நாள்.

விசாரணைக்கு முந்தின இரவு
நான் ஒரு யோசனையோடு போனேன்.
உரிமம் இன்னும் மரைக்காயர் பெயரில்தான்.
கபுருக்குச் சம்மன் கொடுக்க எந்தத் துரையாலும் முடியாது.
சொல்லி முடித்துவிட்டு
என் சாமர்த்தியத்தின் மேல் நானே
கொஞ்சம் மயங்கி நின்றேன்.

ஆலை ஓடாத இரவு.
தவளைச் சத்தம் அவ்வளவு இருக்கும் என்று
அன்றுதான் தெரியும்.

"எண்ணெய் வித்தப்பல்லாம் ஐயாவா இருந்தேன்.
ரெண்டு ஆள் செத்ததுக்கும்
ஐயாவத்தான் அனுப்பணுமா, தம்பி?
எம் பேரை எழுது.
முழுசா எழுது."

பத்தொன்பது வருஷத்தில்
அந்தப் பெயரை ஆங்கிலத்தில் எழுதியதே இல்லை.
ஒருமுறை எழுதி அடித்தேன்.
மறுமுறை ஒரு எழுத்துக் கூடிற்று.
மூன்றாவது தாளில் சரியாய் வந்தது,
அல்லது சரி என்று நினைத்துக்கொண்டேன்.

கச்சேரியில் துரை அதைப் படித்தான்.
நாக்கு மடங்கவில்லை. திரும்பப் படித்தான்.
எல்லாரும் ஒரு ஆணைத் தேடினார்கள்.
பின்வரிசையில்
வெள்ளைத் துப்பட்டி ஒன்று எழுந்து நின்றது.

அபராதம் ஐந்நூறு வெள்ளி.
யாரும் கேட்காமல் இரண்டு வீட்டுக்கும்
வேறு ஐந்நூறு.
இருளாண்டியின் மனைவி வாங்கிக்கொண்டாள்.
எண்ணிப் பார்க்கவில்லை,
நாச்சியார் முகத்தையும் பார்க்கவில்லை.
லிம்முக்கு யாருமில்லை போலும்,
அந்தப் பணம் கல்லாவில் தனிப் பையில்
இன்னும் கிடக்கிறது.

புதுக் கொதிகலனுக்கு விலை கேட்டு எழுதினோம்,
கீழே முழுப்பெயரோடு.
அடுத்த கப்பலில் பதில் வந்தது.
உறையைப் பிரித்தேன்.
மேல் வரியைப் பார்த்தேன்.
தொண்டையைச் செருமிக்கொண்டு
விலையிலிருந்து படிக்கத் தொடங்கினேன்.

தட்டிக்கு அப்பால்
கொப்பரை உடைகிற சத்தம் நின்றது.

"மொத வரிய விட்டுட்டியே, தம்பி."